ஒளியை முந்தும் அலை... செய்தி மட்டும் ஏன் முந்துவதில்லை?

போன மாதம் காரைக்காலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அக்கா மகன், "மாமா, பீச்சுக்குப் போகலாம் வாங்க" என்று கூப்பிட்டான். பிளஸ் டூ படிக்கிறான். அரசலாற்றை ஒட்டிய சாலையில் நடந்துகொண்டே போனை என் முன்னால் நீட்டினான். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பார்வேர்டு. 'ஒளியைவிட வேகமாகச் செல்லும் அலை! ஐன்ஸ்டீன் தோற்றார்!'

"இது நெஜமா மாமா? எங்க பிசிக்ஸ் புக்ல ஒளியை எதுவும் முந்தாதுன்னுதான் போட்டிருக்கு. யாரு சொல்றது பொய்?"

"ரெண்டு பேருமே பொய் சொல்லல. ஆனா ஐன்ஸ்டீன் தோக்கவும் இல்ல" என்றேன்.

"அதெப்படி?"

அந்த 'அதெப்படி'க்குப் பதில் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. அவனுக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்லப்போகிறேன். பயப்பட வேண்டாம், பெரிய கணக்கு எதுவும் இல்லை. கடற்கரையில் நின்றாலே பாதி புரிந்துவிடும்.

முதலில் அலையைப் பாருங்கள்.

அலைகள் கரைக்குச் சரியாக நேர்க்கோட்டில் வருவதில்லை. கொஞ்சம் சாய்வாகத்தான் வரும். அதனால் ஒரு அலை கரையில் ஒரே நேரத்தில் முழுக்க உடையாது. ஒரு முனையில் உடையத் தொடங்கும். அந்த வெள்ளை நுரை அப்படியே கரையோரமாக விறுவிறுவென்று ஓடும். குழந்தைகள் அதனோடு போட்டி போட்டு ஓடித் தோற்பார்கள்.

ஏன் தோற்கிறார்கள்? கரைக்குப் பக்கத்தில் இரண்டரை மீட்டர் ஆழத்தில் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 5 மீட்டர். அந்த அலை கரையோடு 5 டிகிரி சாய்வில் வந்தால், நுரை உடையும் இடம் நொடிக்கு 57 மீட்டர் நகரும். மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல்! சாய்வு ஒரு டிகிரியாகக் குறைந்தால் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். சாய்வே இல்லாவிட்டால்? கரை முழுக்க ஒரே கணத்தில் உடையும். அந்தப் புள்ளியின் வேகத்துக்கு எல்லையே இல்லை.

ஆனால், அங்கே எந்தத் தண்ணீராவது மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதா? இல்லை. ஒவ்வோர் இடத்திலும் அந்தந்த இடத்துக்கு வந்த அலை உடைந்தது, அவ்வளவுதான். உடையும் 'இடம்' ஓடியது. பொருள் ஓடவில்லை.

"சரி மாமா, ஆனா இது ஒளியை முந்தலையே?" என்றான்.

அப்போது கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டது.

ஒரு கலங்கரை விளக்கத்தின் விளக்கு 8 நொடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒளிக்கற்றை நிலா வரை எட்டும் அளவுக்குச் சக்தி வாய்ந்தது என்றும் கற்பனை செய்துகொள்ளுங்கள். நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஒளிப்பொட்டு ஒரு முழு வட்டம் போட 24 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். அதை 8 நொடியால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 3,02,000 கிலோமீட்டர். ஒளியின் வேகமோ நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர்தான். நிலாவின் முகத்தில் அந்தப் பொட்டு ஒளியையே முந்திவிட்டது!

"அப்ப முந்திருச்சே!"

"பொட்டு முந்துச்சு. ஒளி முந்தல. நிலாவோட இடது ஓரத்துல விழுந்த ஒளி வேற, வலது ஓரத்துல விழுந்த ஒளி வேற. ரெண்டும் இங்கேருந்து தனித்தனியா, ஒளியோட வேகத்துலதான் போச்சு."

இந்த இடத்தில் ஒரு சோதனையைச் சொல்கிறேன். எந்த 'அதிவேக' அலையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நடுவில் ஒரு மாற்றம் செய்தால், அந்த மாற்றம் மறுமுனைக்கு எப்போது தெரியும்?

இங்கே விளக்கைக் கையால் மறைக்கிறேன். அந்த இருட்டு நிலாவுக்குப் போய்ச் சேர 1.3 நொடி ஆகும். ஒளிக்கு ஆகும் அதே நேரம். நிலாவின் இடது ஓரத்தில் ஒருவர் நிற்கிறார் என்றால், ஓடும் அந்தப் பொட்டை வைத்துக்கொண்டு வலது ஓரத்தில் இருப்பவருக்கு அவரால் ஒரு சேதியும் அனுப்ப முடியாது. அவர் பொட்டைப் பார்க்கலாம், மாற்ற முடியாது.

இன்னும் எளிதாக ஓர் உதாரணம். காரைக்காலுக்குப் பெருமை சேர்ப்பது மாங்கனித் திருவிழா. காரைக்கால் அம்மையாரை நினைத்து ஆனி மாதத்தில் ஊரே கூடும். தெருவெல்லாம் சீரியல் பல்பு. வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவது போலத் தெரியும். ஓடுவது ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பல்பும் தன் முறை வரும்போது எரிந்து அணைகிறது.

இந்த சீரியல் பல்பை காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் வரை, சுமார் 20 கிலோமீட்டர், கட்டிவிட்டோம் என்று வையுங்கள். ஒவ்வொரு பல்புக்கும் தனித் தனி டைமர். ஒளி இந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நொடியில் 15,000-ல் ஒரு பங்கு நேரம் ஆகும். நம் பல்புகள் அதில் பாதி நேரத்தில் வரிசையாக எரியும்படி டைமரை வைத்துவிட்டால், அந்த 'ஓடும் வெளிச்சம்' ஒளியைவிட இரண்டு மடங்கு வேகம்!

இப்போது நம் சோதனை. கடைசி நேரத்தில் காரைக்கால்காரர் மனம் மாறி முதல் பல்பைப் பிடுங்கிவிடுகிறார். நாகப்பட்டினத்துப் பல்பு எரியுமா, எரியாதா? எரியும்! அதற்கு விஷயமே தெரியாது. ஏனென்றால் அது முதல் பல்பு சொல்லி எரியவில்லை. முன்கூட்டியே ஒருவர் பஸ்ஸில் போய் டைமர் வைத்துவிட்டு வந்த ஏற்பாடு அது. வேகமாக ஓடியது வெறும் தோற்றம். செய்தி பஸ்ஸில்தான் போனது.

"இதெல்லாம் வித்தை மாமா. நெஜமான அலை ஏதாவது முந்துதா?" என்று விடாமல் கேட்டான். நல்ல கேள்வி.

கிளிஞ்சல்மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு படகு ஆற்று வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் எழுந்த அலைகளைக் காட்டினேன். ஆழமான நீரில் அலைகள் கூட்டமாகப் போகும். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு முகட்டை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு தொடர்ந்து பாருங்கள். அது கூட்டத்தின் பின்வரிசையில் பிறக்கும். கூட்டத்துக்குள்ளேயே முன்னேறும். முன்வரிசைக்கு வந்ததும் காணாமல் போய்விடும்! ஆழ்நீரில் ஒரு முகடு, கூட்டத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. ஆனால் அலையின் ஆற்றல் கூட்டத்தோடுதான் போகிறது. முகடு எவ்வளவு அவசரப்பட்டாலும் கூட்டத்தைத் தாண்டி ஓர் அடி வைக்க முடியாது.

இயற்பியல் புத்தகத்தில் முகட்டின் வேகத்துக்கு 'பேஸ் வெலாசிட்டி' என்றும், கூட்டத்தின் வேகத்துக்கு 'குரூப் வெலாசிட்டி' என்றும் பெயர். கல்லூரியில் மனப்பாடம் செய்த பலர் இதைத் தண்ணீரில் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த முறை தேங்கிய ஆற்று நீரில் பெரிய கல்லைப் போட்டுப் பாருங்கள். வளையங்களின் உட்புறத்தில் புது முகடு பிறப்பதும் வெளி ஓரத்தில் பழைய முகடு மறைவதும் தெரியும்.

ஒளியும் ரேடியோவும் அலைகள்தானே? அங்கேயும் இதே கதைதான்.

நம் தலைக்கு மேல் சுமார் 80 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மேலே அயனி மண்டலம் இருக்கிறது. சூரிய ஒளி காற்றின் அணுக்களைப் பிய்த்து மின்னூட்டம் ஏற்றி வைத்திருக்கும் பகுதி. அந்தக் காலத்தில் சிற்றலை வானொலி கடல் கடந்து கேட்டது இந்தக் கூரையில் பட்டுத் திரும்பியதால்தான். இந்த மண்டலத்துக்குள் ரேடியோ அலை நுழையும்போது, அதன் முகடுகள் நிஜமாகவே ஒளியின் வேகத்தைத் தாண்டிவிடுகின்றன. கற்பனை இல்லை, அளந்து பார்க்கக்கூடிய உண்மை. ஆனால் அதே நேரத்தில் அலைக்கூட்டம் ஒளியைவிட மெதுவாகப் போகிறது. முகடு எந்த அளவுக்கு முந்துகிறதோ, அந்த அளவுக்குக் கூட்டம் பிந்துகிறது. இரண்டு வேகத்தையும் பெருக்கினால் ஒளிவேகத்தின் வர்க்கம் அப்படியே வரும். இயற்கை கணக்கில் எவ்வளவு கறார் பாருங்கள்!

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் கையில் இருக்கும் போனில் ஜிபிஎஸ் இருக்கிறதே, அதுதான் சம்பந்தம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞை அயனி மண்டலத்தைக் கடந்துதான் நம்மிடம் வருகிறது. அதில் நேரத்தைச் சொல்லும் குறியீடு தாமதமாக வருகிறது. அதைச் சுமந்துவரும் அலையின் முகடுகளோ முந்திக்கொள்கின்றன. குறியீட்டின் தாமதத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், தூரக் கணக்கில் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை தவறு வரும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால், நம் வானத்தில் அயனி மண்டலத்தின் ஆட்டம் கொஞ்சம் அதிகம். அதை ஆராய வசதியான இடம் என்பதால்தான் 1963 நவம்பர் 21-ம் தேதி திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது.

தெருவில் நடக்கும்போது பத்து மீட்டர் தவறு பெரிதில்லை. ஆனால் இருட்டில் ஆற்று முகத்துவாரத்தைத் தேடித் திரும்பும் படகுக்கு, மணல் திட்டுக்கும் வழிக்கும் நடுவே இருப்பதே அவ்வளவுதான். நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்கள் இரண்டு வேறு அலைவரிசைகளில் சமிக்ஞை அனுப்ப இதுதான் முக்கியக் காரணம். இரண்டுக்கும் தாமதம் வேறு வேறு. இரண்டையும் ஒப்பிட்டால் அயனி மண்டலம் செய்த குறும்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும், கழித்துவிடலாம்.

முகடு ஒளியை முந்தியதே, அதை வைத்துச் சேதி அனுப்ப முடியாதா? நம் சோதனையைப் போடுங்கள். முகடும் பள்ளமுமாக முடிவில்லாமல் ஒரே மாதிரி வரும் அலையில் புதுச் செய்தி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு மிக்சி நாள் முழுக்க ஒரே சத்தத்தில் ஓடினால், அது உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. சட்டென்று நின்றால்தான் 'என்ன ஆச்சு?' என்று கேட்பீர்கள். செய்தி என்றாலே மாற்றம். அலையை நிறுத்த வேண்டும், கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும். அப்படிச் செய்த மாற்றத்தின் முதல் விளிம்பு எந்தப் பொருளுக்குள்ளும் ஒளிவேகத்தைத் தாண்டாது.

இந்தச் சந்தேகம் ஐன்ஸ்டீன் 1905-ல் சார்பியலை வெளியிட்ட ஓரிரு ஆண்டுகளிலேயே எழுந்துவிட்டது. ஜெர்மனியின் சோமர்பெல்ட் 1907-லேயே பதில் சொன்னார். பிறகு 1914-ல் அவரும் பிரான்சின் பிரிலுவானும் கணக்குப் போட்டு விரிவாக நிரூபித்தார்கள். வாட்ஸ்அப் கேட்கும் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே விடை வந்தாயிற்று!

ஆனாலும் தலைப்புச் செய்திகள் ஓயவில்லை. 2000-ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் லிஜுன் வாங் குழுவினர் செய்த சோதனை உலகம் முழுக்கப் பரபரப்பானது. சீசியம் ஆவி நிரப்பிய குப்பிக்குள் ஓர் ஒளித்துடிப்பை அனுப்பினார்கள். துடிப்பின் உச்சி குப்பிக்குள் நுழையும் முன்பே மறுபக்கம் உச்சி வெளியே வந்துவிட்டது!

மாயமா? மறுபடி மாங்கனித் திருவிழாவுக்கு வாருங்கள். பிச்சாண்டவர் ஊர்வலம் போகிறது. மாடிகளிலிருந்து மாங்கனிகள் வந்து விழுகின்றன. கூட்டத்தின் முன்பக்கம் வழியில் இருப்பவர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். பின்பக்கம் இருப்பவர்கள் பழம் கிடைத்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இப்போது கூட்டத்தின் 'நடுப்பகுதி' எங்கே என்று மேலிருந்து பார்த்தால், அது எந்த மனிதரும் நடந்ததைவிட வேகமாக முன்னேறியிருக்கும். யாரும் ஓடவில்லை. முன்னால் சேர்ந்தார்கள், பின்னால் குறைந்தார்கள். அவ்வளவுதான்.

அந்த ஆவியும் இதைத்தான் செய்தது. துடிப்பின் மெல்லிய முன்பகுதி முதலிலேயே வந்து சேர்ந்துவிட்டது. அதை ஆவி வளர்த்து முழுத் துடிப்பாக்கியது; பின்னால் வந்ததை அமுக்கிவிட்டது. ஐன்ஸ்டீன் மீறப்படவில்லை என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். பார்வேர்டு அனுப்புபவர்கள்தான் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். முந்துவதாகத் தோன்றும் அலை வேறு. நிஜமாகவே ஒளியை முந்தும் துகள் என்ற யோசனை வேறு. இரண்டாவதைத் தைரியமாக யோசித்தவர்களில் ஒருவர் நம் ஊரில் படித்தவர். கோட்டயத்தில் பிறந்து, தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்த ஈ.சி.ஜி. சுதர்சன். பிறக்கும்போதே ஒளியைவிட வேகமாக இருக்கும் துகள்களைச் சார்பியல் தடுக்கவில்லை என்று 1962-ல் தன் சகாக்களுடன் எழுதினார். 1967-ல் ஜெரால்ட் பெயின்பெர்க் அதற்கு 'டேக்கியான்' என்று பெயர் வைத்தார். இன்றுவரை அப்படி ஒரு துகள் யார் கண்ணிலும் படவில்லை.

"செய்தி ஒளியை முந்தினாத்தான் என்ன மாமா? என்ன குடி முழுகிப் போச்சு?"

முழுகித்தான் போகும். சார்பியலின்படி, ஒரு செய்தி ஒளியை முந்திப் போனால், வேகமாகப் பயணம் செய்யும் யாரோ ஒருவர் பார்வையில் அது அனுப்பப்படும் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குப் பதிலும் அதே வேகத்தில் வந்தால், நீங்கள் கடிதம் எழுதும் முன்பே பதில் கடிதம் வாசலில் கிடக்கும். அதைப் படித்துவிட்டு நீங்கள் எழுதாமலே இருந்துவிட்டால்? காரணம் முன்னால், விளைவு பின்னால் என்ற ஒழுங்கே குலைந்துவிடும். ஒளியின் வேகம் என்பது உலகில் எது முன், எது பின் என்பதைக் காக்கும் வேலி.

இதைச் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அலை வரும் தம்பி, ஆனா தண்ணி வராது. கடல்ல மெதக்குற கட்டையப் பாரு. ஏறி எறங்கும், அங்கேயே நிக்கும்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரே ஒரு நாள்தான் தண்ணியும் சேர்ந்து வந்துச்சு" என்றார்.

எந்த நாள் என்று நாங்கள் கேட்கவில்லை. காரைக்காலில் அதைக் கேட்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி உடைந்தது. நில அதிர்வு அலைகள் நான்கைந்து நிமிடத்தில் நம் கரைக்கு வந்துவிட்டன. கடல் அலை ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பியது. நடுக்கடலில் அதன் உயரம் அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அங்கே தண்ணீர் நகர்ந்த வேகமோ நொடிக்குச் சில சென்டிமீட்டர். மேலே படகில் இருந்தால் தெரிந்தே இருக்காது. கரையில் ஆழம் குறைந்த இடத்தில்தான் அது எழுந்து நின்றது. அது நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இரண்டு மணி நேரம்! சுமத்ராவிலிருந்து காரைக்காலுக்கு ஒரு ரேடியோ செய்தி வர எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? சுமார் 2,000 கிலோமீட்டர். ஒரு நொடியில் 150-ல் ஒரு பங்குகூட ஆகாது. ஒளியை முந்த வேண்டிய அவசியமே இல்லை. இயற்கை அனுமதித்த வேகமே போதும் போதும் என்ற அளவுக்கு இருந்தது. ஆனால் அன்றைக்கு இந்தியப் பெருங்கடலில் சொல்லி அனுப்ப ஓர் ஏற்பாடு இல்லை. செய்தி ஒளியின் வேகத்தில் வந்திருக்கலாம். வரவில்லை. அலைதான் செய்தியாக வந்தது.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கம் நடந்த சில நிமிடங்களில் இப்போது எச்சரிக்கை கிளம்பும். அந்த எச்சரிக்கை கரையோரத்துக் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அது சொன்னதும் நாம் எழுந்து நடக்க வேண்டும். அந்தக் கடைசி சில நூறு மீட்டருக்கு ஒளிவேகம் கிடையாது. நம் கால் வேகம்தான்.

திரும்பி வரும்போது அக்கா மகன் போனை எடுத்து அந்தக் குரூப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன்.

"'முந்துனது அலை இல்ல, அலையோட தோற்றம். செய்தி முந்தல'ன்னு போட்டேன் மாமா. கூடவே, 'சுனாமி அலர்ட் வந்தா பார்வேர்டு பண்ணிட்டு நிக்காதீங்க, மொதல்ல ஓடுங்க'ன்னும் போட்டுட்டேன்."

பாடம் புரிந்துவிட்டது!